மெல்லிய பாலேடு: காக்கும் முறையும் சமையலில் சேர்க்கும் முறையும்

பால் தரும் பொருள்களில் வெண்ணெயையும் நெய்யையும் மோரையும் நம் கிராமத்தார் நன்கு அறிவர். அவற்றைக் காப்பாற்றும் வழியை எவரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லை. பாலேட்டின் விஷயம் அவ்வாறன்று. நம் வீடுகளில் ஏடு என்பது வெண்ணெய்க்குப் போகும் வழியில் சிறிது நேரம் தங்கும் சரக்காகவே இருந்து வந்தது. அதை ஏடாகவே வைத்திருந்து உண்பதும் விற்பதும் நமக்குப் புதிய பழக்கங்கள். இப்போது கையால் சுழற்றும் ஏடு பிரிக்கும் இயந்திரம் பல ஊர்களுக்கு வந்துவிட்டது. பட்டணத்து உணவு விடுதிகளில் கிரீம் என்ற பெயரால் ஏடு தினமும் செலவாகிறது. ஆகையால் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் பலர், மிஞ்சும் மாலைப் பாலை ஏடாக்கி வைக்கலாமா, வைத்தால் எத்தனை நாள் நிற்கும், குழம்பில் ஊற்றினால் ஏன் திரிகிறது என்றெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். நான் அறிந்த மட்டில் விடை எழுதுகிறேன். அறிந்ததில் ஒரு பகுதி சங்கத்தாரின் நஷ்டத்தில் கற்றது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். பாலைக் காய்ச்சி ஆறவிட்டால் அதன்மேல் படர்வது ஆடை. அதில் வெண்ணெய்ச் சத்து மட்டுமின்றி, சூட்டினால் இறுகிய புரதமும் சேர்ந்திருக்கும். அதனால்தான் அதை விரலால் சுருட்டி எடுக்க முடிகிறது. காய்ச்சாத பாலை அசைக்காமல் வைத்தால் மேலே திரண்டு நிற்பது ஏடு. அது ஊற்றக்கூடிய பதத்தில் இருக்கும். இக்கட்டுரையில் நான் சொல்லுவது இந்த ஏட்டைப் பற்றியே. ஆடையைச் சேர்த்து வைத்து வெண்ணெய் எடுக்கும் தாய்மார்கள் அதை ஏடு என்றே அழைப்பதுண்டு. அதில் பிழை கூற நான் யார்? ஆயினும் ஆடையைக் குழம்பில் விட்டால் அது துணுக்கு துணுக்காக மிதக்குமேயன்றிக் கரையாது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பாலில் வெண்ணெய்ச் சத்து கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகக் கலந்திருக்கிறது. தண்ணீரைவிட இலேசானபடியால் அவ்வுருண்டைகள் மெல்ல மேலே ஏறுகின்றன. இதற்குப் பல மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் பால் நம் ஊர் வெப்பத்தில் நின்றால் கிருமிகளும் பெருகும். மேலேறும் உருண்டைகள் கிருமிகளையும் தம்முடன் இழுத்துச் செல்லும். எனவே, தானே திரண்ட ஏடு பிறக்கும்போதே பாதி புளிப்புடன் பிறக்கிறது எனலாம். இயந்திரம் இக்குறையைத் தீர்த்தது. 1878-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தவரான குஸ்தாவ் தெ லாவல் என்பவர், பாலை விரைவாகச் சுழற்றி ஏட்டை நடுப்புறமாகவும் ஏடு நீங்கிய பாலை வெளிப்புறமாகவும் பிரிக்கும் இயந்திரத்தை அமைத்தார். நம் சங்கங்களில் சுழல்வது அதன் சந்ததியே. கறந்த சூடு மாறாத பாலாயினும், இளஞ்சூடாக 40 டிகிரிக்குச் சூடேற்றிய பாலாயினும் இயந்திரத்தில் நன்கு பிரியும். ஆறிப்போன பாலை ஊற்றினால் சத்தில் ஒரு பங்கு ஏடு நீங்கிய பாலுடன் போய்விடும்.

ஏட்டிலும் மெல்லியது, கெட்டியானது என்ற பேதம் உண்டு. அமெரிக்காவில் 100 பங்கில் 18 முதல் 30-க்கு உட்பட்ட பங்கு வெண்ணெய்ச் சத்துள்ளதை மெல்லிய ஏடு என்று விற்கிறார்கள். இந்திய உணவுத் தர விதிகள் 25 பங்குக்குக் குறையாததைக் கொழுப்புக் குறைந்த ஏடென்றும், 40-க்குக் குறையாததை நடுத்தரமென்றும், 60-க்குக் குறையாததைக் கொழுப்பு மிகுந்ததென்றும் வகுக்கின்றன. ஆகையால் விற்பனைக்கு மெல்லிய ஏடு தயாரிக்கும் சங்கம் 25 என்ற கணக்கைக் கைக்கொள்ளுவதே முறை. 6 பங்கு சத்துள்ள எருமைப்பால் 10 கிலோவில் சத்து 600 கிராம் இருக்கும். இதை முற்றும் பிரித்தால் 25 பங்கு ஏடு 2 கிலோ 400 கிராம் கிடைக்கும். மீதி ஏறக்குறைய 7½ கிலோ ஏடு நீங்கிய பால். நடைமுறையில் சிறிது சேதாரம் உண்டு. இயந்திரத்தின் திருகைக் கெட்டி ஏட்டுக்கே வைத்துப் பிரித்துக்கொண்டு, பிறகு இளக்கிக்கொள்வது எளிது. 40 பங்கு ஏடு 5 கிலோவுக்கு ஏடு நீங்கிய பால் 3 கிலோ சேர்த்தால் 25 பங்கு ஏடு 8 கிலோ ஆகும். தண்ணீர் சேர்த்து இளக்குவது மோசடி. அது மட்டுமன்று, விரைவில் கெடுவதற்கும் அதுவே வழி.

இனி அந்த நஷ்டத்தைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சரகத்தில் ஒரு சிறு சங்கம் இருந்தது. அங்கத்தினரில் பெரும்பாலார் ஓரிரண்டு எருமை வைத்திருக்கும் பெண்கள். மாலைப் பாலில் ஒரு பகுதி மிஞ்சுவதைக் கண்டு, ஏடு பிரித்துப் பக்கத்துப் பட்டணத்து உணவு விடுதி ஒன்றுக்கு விற்கலாமென்று யோசனை சொன்னவன் நானே. குளிர்ப்பெட்டி இருக்கிறது, கெடாது என்று உறுதியும் கூறினேன். மூன்று நாள் ஏட்டைச் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புவதென்று ஏற்பாடு. முதல் நாள் ஏடு பெட்டியில் குளிர்ந்திருந்தது. இரண்டாம் நாள் வெதுவெதுப்பாக இறங்கிய ஏட்டை அதே பாத்திரத்தில் அதன் தலைமேல் ஊற்றினார்கள். மூன்றாம் நாளும் அவ்வாறே. அனுப்பும்போது நிறத்திலும் மணத்திலும் ஒரு குற்றமும் தெரியவில்லை. நானே ஒரு துளி நாவில் வைத்துப் பார்த்தேன். விடுதியில் தக்காளி சேர்ந்த குருமாவில் அதை ஊற்றியதும் ஏடு முழுதும் திரிந்து பொருக்கு பொருக்காய் மிதந்தது. ஏடும் திரும்பி வந்தது. கெட்ட குருமாவுக்கான தொகையும் கணக்கில் பிடிக்கப்பட்டது. அது அந்த மாதப் பட்டுவாடாவில் ஒவ்வொரு பெண்ணின் பேரிலும் குறைந்தது. பட்டுவாடா தினத்தன்று ஒரு முதியவள், "எருமையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஐயா. ஏட்டை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று குறைந்த தொகை சிறியது. ஆனால் அவள் அதைத் தீவனக் கடைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

நடந்த பிழைகள் இரண்டு. பிரித்த ஏட்டைக் காய்ச்சாமல் வைத்தது ஒன்று. குளிர்ந்ததன்மேல் சூடானதை ஊற்றியது மற்றொன்று. பச்சைப் பாலில் கிருமிகளோடு, கொழுப்பைப் பிளந்து காறல் வாடை உண்டாக்கும் ஒரு பொருளும் இயற்கையாகவே இருக்கிறது. சூடாக்கினால் அதன் வீரியம் அடங்கும். காய்ச்சாத ஏட்டில் இரண்டும் உயிரோடு இருக்கும். குளிர்ப்பெட்டி கிருமிகளை உறங்கச் செய்யுமேயன்றிக் கொல்லாது. வெதுவெதுப்பான ஏட்டை ஊற்றும் ஒவ்வொரு தடவையும் அவ்வுறக்கத்தைக் கலைக்கிறோம். பாத்திரம் முழுதும் மீண்டும் குளிரப் பல மணி நேரம் ஆகிறது. அதற்குள் புளிப்பு வளர்கிறது. இப்புளிப்பு நாவுக்குத் தெளிவாகத் தெரியாதபோதும் கொதியில் திரியும் அளவுக்கு வந்திருக்கக்கூடும். நான் நாவை நம்பியது இதை அறியாமையால்.

ஆகையால் நாவுக்குப் பதிலாகக் கரண்டியை நம்புக. ஒரு சிறு கரண்டியில் ஏட்டை எடுத்து நெருப்பில் காட்டிக் கொதிக்கவிட்டுச் சாய்த்துப் பார்த்தால், கரண்டியின் பக்கங்களில் துணுக்குகள் ஒட்டுமாயின் அது சமையலுக்கும் விற்பனைக்கும் ஆகாது. வெண்ணெய்க்கு மாத்திரம் ஆகும். பால் வாங்கும் நிலையங்களில் பாலுக்குச் செய்யும் சோதனையும் இதுவே. இதற்கு அரை நிமிடமும் ஒரு கரண்டி ஏடும் செலவு.

காய்ச்சும் முறை வருமாறு. ஏட்டை நேராக அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதனுள் ஏட்டுப் பாத்திரத்தை இறக்கி, கிளறிக்கொண்டே 80 டிகிரி வரும்வரை சூடேற்றி, அதே சூட்டில் ஐந்து நிமிடம் வைத்திருக்கலாம். கொழுப்பு கிருமிகளுக்கு ஒருவகைப் போர்வையாதலால் பாலுக்குப் போதும் சூடு ஏட்டுக்குப் போதாது. உஷ்ணமானி இல்லாத வீட்டில், விளிம்பில் ஆவி எழுந்து நுரை கூடி, கொதி மட்டும் வராத நிலையை அடையாளமாகக் கொள்க. பின்பு உடனே குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை நிறுத்தி, தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றி ஆறவைக்க வேண்டும். தானே ஆறட்டும் என்று விட்டுவிடுவது நம்மவரின் வழக்கம். கிருமிகள் மிக விரைவாகப் பெருகும் இளஞ்சூட்டிலேயே ஏடு நெடுநேரம் கிடப்பதற்கு அதுவே காரணமாகிறது.

பாத்திரம் எவர்சில்வராகவோ கண்ணாடியாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். ஈயம் போன பித்தளையும் செம்பும் துருப்பிடித்த இரும்பும் ஏட்டுக்குப் பகை. செம்பின் சிறு சம்பந்தமும் கொழுப்பைக் காறச் செய்யும். வெயிலும் அவ்வாறே. மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். வெங்காயம், கருவாடு, பலாச்சுளை இவற்றின் வாசனையை ஏடு விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். என் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒரு சமயம் பலாச்சுளையுடன் கிடந்த ஏட்டைக் காப்பியில் ஊற்றிக் குடித்த நினைவு இன்னும் மறையவில்லை.

வைக்கும் இடம் குளிர்ப்பெட்டியின் உட்புறத் தட்டு. கதவிலுள்ள தட்டன்று. கதவு திறக்குந்தோறும் அங்கே சூடு ஏறும். 4 டிகிரியில், முறையாகக் காய்ச்சி ஆற்றிய ஏடு மூன்று நாள் நிற்கும். நான்காம் நாள் கரண்டிச் சோதனையில் தேறினும் அதை வெண்ணெய்க்கு ஒதுக்குவதே உத்தமம். ஒவ்வொரு நாள் ஏட்டையும் தனிப் பாத்திரத்தில், தேதி எழுதிய சீட்டு ஒட்டி வைக்க வேண்டும். கலக்க வேண்டுமாயின் இரண்டும் ஒரே குளிர்ச்சிக்கு வந்தபின் கலக்கலாம். மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேற்பட்டால் ஏட்டை அன்றே வெண்ணெயாக்கிவிடுக. உறையவைக்கும் தட்டில் வைத்தால் மெல்லிய ஏடு கெடாது. ஆனால் அதன் உருண்டைகள் உடைந்து, உருகும்போது தண்ணீர் வேறாகவும் கொழுப்பு வேறாகவும் பிரியும். அத்தகையதை நெய் காய்ச்சவோ, நன்றாக அரைத்துக் கலக்கும் குழம்புகளுக்கோ கொள்ளலாம். மேலே ஊற்றிப் பரிமாற உதவாது.

குளிர்ப்பெட்டி இல்லாத அங்கத்தினர்கள் இரட்டைப் பானையைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரிய பானையுள் சிறிய பானையை வைத்து, இடையே மணல் நிரப்பி நனைத்து வைத்தால் காற்று உலர்ந்த ஊர்களில் உட்புறம் பல டிகிரி குளிரும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் தண்ணீர் ஆவியாவது குறைவாகையால் பயன் சொற்பம். கிணற்றில் கயிறு கட்டி இறக்கும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. இவை காலையில் எடுத்த ஏட்டை மாலை வரை காக்கும். மறுநாளுக்குக் காக்கா. அவ்வீடுகளில் அன்றைக்கு வேண்டிய ஏட்டை மட்டும் எடுத்து, மிகுதிக்குப் பிரை ஊற்றிவிடுவதே வழி. கடையில் விற்கும் அட்டைப்பெட்டி ஏடு மாதக்கணக்கில் வெளியே நிற்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அது மிக அதிகச் சூட்டில் கிருமி நீக்கி, காற்றுப்படாமல் அடைத்தது. பிரித்த நிமிடம் முதல் அதுவும் நம் ஏட்டைப் போன்றதே. பிரித்தபின் குளிர்ப்பெட்டியில் இரண்டு மூன்று நாளுக்குள் செலவிட வேண்டும்.

சமையலுக்கு வருவோம். மெல்லிய ஏட்டை அடித்து நுரைக்கவைத்துப் பண்டங்களின்மேல் அலங்கரிக்க முயலுவது வீண். அதற்கு 30 பங்குக்கு மேற்பட்ட கொழுப்பு வேண்டும். மெல்லிய ஏட்டின் தொழில் குழம்பைக் குழைவாக்குவதும், காரத்தின் கூர்மையை மழுக்குவதும், பாயசத்துக்குத் திண்மை தருவதுமாகும். கெட்டி ஏட்டைவிட இதில் திரியக்கூடிய புரதம் அதிகமாகையால், புளிப்பும் கொதியும் ஒருங்கே சேர்ந்த இடத்தில் இது நில்லாது. புதிய ஏடாயினும் தக்காளி கொதிக்கும் சட்டியில் ஒரே வீச்சாக ஊற்றினால் திரியக்கூடும்.

இவ்விஷயத்தில் நம் தாய்மார்களுக்குப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. வெல்லப் பாயசம் வைப்பவர், வெல்லம் கொதிக்கும்போது பாலை ஊற்றினால் திரியுமென்று அறிந்து, அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டே பாலைச் சேர்ப்பார். ஏட்டுக்கும் அதுவே விதி. குருமாவோ கீரை மசியலோ தக்காளிச் சாறோ, எல்லாம் வெந்து உப்பும் சேர்ந்தபின் அடுப்பிலிருந்து இறக்குக. கொதி அடங்கியதும், ஒரு கிண்ணத்திலுள்ள ஏட்டில் சூடான குழம்பை ஒரு கரண்டி விட்டுக் கலக்குக. மற்றொரு கரண்டி விடுக. ஏடு குழம்பின் சூட்டுக்குப் பழகியபின் சட்டியில் சேர்த்து மெல்லக் கிளறுக. மீண்டும் கொதிக்கவிடலாகாது. நான்கு பேர் உண்ணும் குருமாவுக்கு நான்கு மேசைக்கரண்டி ஏடு தாராளம். எலுமிச்சம்பழம் பிழிவதாயின் இலையில் பிழிந்துகொள்ளட்டும். குழம்பு புளிப்பாகத்தான் இருக்கவேண்டுமென்றால் ஏடு சேர்க்குமுன் ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைத்து விட்டுக் கொதிக்கவைத்தால் திரிதல் குறையும். அரைத்த முந்திரியும் தேங்காயும் சேரும் குருமாவில் திரிதல் அரிதாயிருப்பதற்கும் குழம்பின் கெட்டித்தன்மையே காரணம். புளிக்குழம்பிலும் ரசத்திலும் ஏட்டைச் சேர்க்க வேண்டுமென்று எவரேனும் சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

காப்பியிலும் இதே நாடகம் நடக்கும். கொதிக்கும் டிகாக்ஷனில் சற்றே பழைய ஏட்டை விட்டால் வெண்மையான பிசிறுகள் மேலே மிதக்கும். டிகாக்ஷனை ஒரு நிமிடம் ஆறவிட்டு, ஏட்டை முதலில் டம்ளரில் வைத்து அதன்மேல் ஊற்றுவது நலம். அப்பொழுதும் பிசிறினால் ஏடு பழையதென்று தெரிந்துகொள்ளலாம்.

வெண்ணெய்க்கு ஒதுக்கிய ஏட்டைக் காய்ச்சி ஆற்றி, கிலோவுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி நல்ல மோரைப் பிரையாக விட்டு ஓர் இரவு வைத்து, விடியற்காலைக் குளிர்ச்சியில் கடைந்தால் வெண்ணெய் திரளும். மெல்லிய ஏட்டில் நேரம் கூடுதலாகும். சிறிது குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கடைவது உதவும். உருக்கும்போது முருங்கை இலை போடுவதை விட்டுவிட வேண்டாம். மேலே கணக்கிட்ட 10 கிலோ எருமைப்பாலின் ஏடு முழுதும் நெய்யாக்கினால், சேதாரம் போக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நெய் கிடைக்கும். நெய்க்கும் ஏட்டுக்கும் சங்கம் பெறக்கூடிய விலையை இக்கணக்கில் வைத்துப் பார்த்தபின் எதை விற்பதென்று பஞ்சாயத்தார் தீர்மானிக்கலாம்.

ஒரு விஷயத்தைப் பெண் அங்கத்தினர்களுக்குத் தனியே சொல்லவேண்டும். ஏடு நீங்கிய பாலில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கின்றன. மோராகவும் தயிராகவும் பெரியவர்களுக்கு அது நல்ல ஆகாரம். ஆனால் ஏ என்னும் ஜீவசத்து கொழுப்போடு சேர்ந்து ஏட்டில் போய்விடுகிறது. ஏட்டை விற்றுவிட்டு மீதிப் பாலைக் கைக்குழந்தைக்கு வார்ப்பதை ஒரு வீட்டில் நேரில் கண்டேன். பால் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்றார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு ஏடு நீங்கிய பால் தகாது. குழந்தையின் பங்கைப் பிரிக்குமுன்பே அளந்து எடுத்து வைத்துவிட வேண்டும்.

முன் சொன்ன சங்கம் இன்னும் ஏடு விற்கிறது. விடுதிக்காரர் முந்தின நாள் மாலை எவ்வளவு வேண்டுமென்று காரியதரிசிக்குச் சொல்லுகிறார். அவ்வளவு மட்டும் பிரித்துக் காய்ச்சி ஆற்றி, மறுநாள் காலை கரண்டிச் சோதனை செய்து, தேதிச் சீட்டுடன் அனுப்புகிறார்கள். சொல்லாத நாளில் மிஞ்சிய பால் முழுதும் நெய்க்குப் போகிறது. கரண்டிச் சோதனைக்கென்று தனிப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் தினமும் இருவர் கையெழுத்திட வேண்டும். அந்த முதியவள் கையெழுத்திடும் முறைநாள் வெள்ளிக்கிழமை. அவளுக்கு எழுதத் தெரியாதாகையால் பெருவிரல் ரேகை வைக்கிறாள். அவள் முறையில் இதுவரை இரண்டு தடவை ஏடு நிராகரிக்கப்பட்டிருக்கிறது.